புராபபிள் (ஆங்கிலச் சொல்)

புராபபிள் என்பது, ஒரு நிகழ்ச்சி நடக்காமல் போவதைவிட நடப்பதற்கோ, ஒரு கூற்று பொய்யாவதைவிட மெய்யாவதற்கோ கூடுதலான இடம் உண்டு என்பதைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை ஆகும். இதன் வினையடை வடிவம் புராபப்ளி, பெயர்ச்சொல் வடிவம் புராபபிலிட்டி. கணிதத்தில் நிகழ்தகவு என்று தமிழில் வழங்கும் துறையின் ஆங்கிலப் பெயரும் இப்பெயர்ச்சொல்லே. இச்சொல் இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தொடக்கத்தில் இது "ஏற்கத்தக்கது", "நம்பத்தக்கது", "மெய்ப்பிக்கக்கூடியது" ஆகிய பொருள்களையே தந்தது. "நடக்க வாய்ப்பு மிகுந்தது" என்ற பொருளும், எண்ணால் அளக்கக்கூடியது என்ற கருத்தும் பின்னர் நிலைபெற்றவை. பழைய பொருளின் சாயல் சட்டத்துறையில் இன்றும் காணப்படுகிறது.

பொருள்

இன்றைய பொது வழக்கில் புராபபிள் என்பது உறுதிக்கும் வெறும் இயலுமைக்கும் இடைப்பட்ட ஒரு நிலையைக் குறிக்கிறது. இயலக்கூடியது என்று பொருள்படும் பாசிபிள் என்ற சொல்லோடு ஒப்பிட்டால் இதன் பொருள் தெளிவாகும். ஆறு முகங்கள் கொண்ட பகடை ஒன்றை உருட்டினால் ஆறு விழுவது பாசிபிள். ஆனால் அது புராபபிள் அன்று. ஏனெனில் ஆறு வாய்ப்புகளில் ஒன்று மட்டுமே அதற்குச் சார்பானது. இரண்டுக்கு மேற்பட்ட எண் விழுவது புராபபிள் ஆகும். ஏனெனில் ஆறில் நான்கு வாய்ப்புகள் அதற்குச் சார்பாக உள்ளன.

பெயரடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. புராபபிள் என்ற பெயரடை எப்போதும் "கூடுதல் வாய்ப்பு" என்ற பக்கமே சாய்ந்து நிற்கும். புராபபிலிட்டி என்ற பெயர்ச்சொல்லோ கணிதத்தில் 0 முதல் 1 வரையுள்ள எந்த அளவையும் குறிக்கலாம். ஆகவே நிகழ வாய்ப்பே இல்லாத ஒன்றுக்கும் புராபபிலிட்டி உண்டு. அதன் மதிப்பு 0 ஆகும்.

சொற்பிறப்பு

இச்சொல்லின் மூலம் புரோபாபிலிஸ் என்னும் இலத்தீன் பெயரடை. இது சோதித்தல், ஆராய்ந்து ஏற்றல், மெய்ப்பித்தல் எனப் பொருள்படும் புரோபாரே என்ற வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. அவ்வினையின் அடி, நல்ல, நேர்மையான, தகுதியுள்ள எனப் பொருள்படும் புரோபஸ் என்ற சொல். எனவே புரோபாபிலிஸ் என்பதன் நேர்ப்பொருள் "சோதித்தபின் நல்லதென்று ஏற்கத்தக்கது" என்பதாகும்.

புரோபஸ் என்ற சொல், "முன்" எனப் பொருள்படும் முன்னொட்டும் "இரு, ஆகு" எனப் பொருள்படும் பூ என்னும் இந்தோ-ஐரோப்பிய வேரும் சேர்ந்து உருவானது என மொழியியலாளர் கருதுகின்றனர். சமற்கிருதத்தில் மேம்பட்டவன், தலைவன் எனப் பொருள்படும் பிரபு என்ற சொல் இதன் உறவுச்சொல்லாகக் கொள்ளப்படுகிறது. தமிழில் வழங்கும் பிரபு என்ற சொல் அந்தச் சமற்கிருதச் சொல்லே ஆகும்.

இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தது. புராபபிலிட்டி, புராபப்ளி ஆகிய வடிவங்கள் 15ஆம் நூற்றாண்டில் இருந்து காணப்படுகின்றன.

ஒரே வேரில் பிறந்த சொற்கள்

புரோபாரே என்ற வினையிலிருந்தும் அதன் அடியான புரோபஸ் என்ற சொல்லிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள் பல. அவற்றுக்கு வழங்கும் தமிழ்ச் சொற்களைப் பார்த்தால், மூலச்சொல்லின் வெவ்வேறு பொருள்கள் தனித்தனியே பிரிந்து நிற்பதைக் காணலாம்.

- புரூவ் - மெய்ப்பித்தல், நிறுவுதல். இச்சொல்லுக்குச் சோதித்தல் என்ற பழைய பொருளும் உண்டு.
- புரூஃப் - சான்று, நிறுவல். அச்சுத்தொழிலில் பிழை பார்ப்பதற்காக எடுக்கப்படும் படிக்கும் இதுவே பெயர். தமிழில் இது மெய்ப்பு எனப்படுகிறது.
- அப்ரூவ் - ஏற்றல், ஒப்புதல் அளித்தல்.
- புரொபேஷன் - பணியில் சேர்ந்தவரின் தகுதிகாண் பருவம். குற்றவியல் துறையில் இதற்கு நன்னடத்தை என்ற சொல் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழங்குகிறது.
- புரோபேட் - உயில் உண்மையானது என நீதிமன்றம் அளிக்கும் மெய்ப்பிப்பு.
- புரோப் - துருவி ஆராய்தல், ஆய்கருவி, விண்வெளி ஆய்வுகலம்.
- புரோபிட்டி - நேர்மை.

தகுதிகாண் பருவம் என்ற தொடரில் சோதித்தல், தகுதி ஆகிய இரு பொருள்களும், நன்னடத்தை என்ற சொல்லில் புரோபஸ் என்பதன் ஒழுக்கப் பொருளும் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

பொருள் மாற்றத்தின் வரலாறு

கிரேக்க, உரோம மெய்யியல்

கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மெய்யியலாளர் கார்னியாடீஸ், எதையும் ஐயமற அறிய முடியாது என்ற கருத்துடையவர். எதையும் உறுதியாக அறிய முடியாது என்றால் மனிதன் எதை நம்பிச் செயலாற்றுவது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக அவர் பிதனோன் என்ற கருத்தைப் பயன்படுத்தினார். "மனத்தை இணங்கச் செய்வது" என்பது இதன் பொருள். உறுதியான அறிவு கிடைக்காவிட்டாலும், மனத்தை இணங்கச் செய்யும் தோற்றங்களைப் பின்பற்றி வாழலாம் என்பது அவரது நிலைப்பாடு.

உரோமப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசெரோ, இக்கிரேக்கக் கருத்தை இலத்தீனில் சொல்லப் புரோபாபிலே என்ற சொல்லைக் கையாண்டார். இளமையில் எழுதிய பேச்சுக்கலை நூலொன்றில், பெரும்பாலும் நடப்பது, மக்கள் பொதுவாக நம்புவது, இவற்றை ஒத்திருப்பது ஆகியவற்றை அவர் புரோபாபிலே என வரையறுத்தார். இவ்வரையறையின் முதற்பகுதி நிகழ்ச்சிகளைப் பற்றியது. இரண்டாம் பகுதி மனிதரின் நம்பிக்கையைப் பற்றியது. இச்சொல்லின் பிற்கால வரலாறு முழுவதிலும் இவ்விரு பொருள்களும் பிரியாமல் தொடர்ந்தன.

இடைக்காலம்

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் போயத்தியஸ், அரிஸ்டாட்டிலின் நூலொன்றை இலத்தீனில் மொழிபெயர்த்தபோது, எல்லோரும் அல்லது பெரும்பாலோர் அல்லது அறிஞர் ஏற்கும் கருத்துகளைக் குறிக்கப் புரோபாபிலிஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். இதனால் இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கருத்து புரோபாபிலிஸ் ஆவது பெரிதும் அதை ஏற்றவர்களின் மதிப்பைப் பொறுத்ததாயிற்று. நிறுவப்பட்ட அறிவு ஒருபுறம், கருத்து மறுபுறம் எனப் பிரிக்கப்பட்டது. புரோபாபிலிஸ் கருத்தின் பக்கம் சேர்ந்தது.

1975இல் வெளிவந்த இயன் ஹாக்கிங் என்பவரின் நிகழ்தகவுக் கருத்தின் தோற்றம் பற்றிய நூல் இப்பொருள் மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தது. சான்றோரின் ஒப்புதலைக் குறித்த சொல், இயற்கையில் காணும் அறிகுறிகளும் அவை எத்தனை முறை பலிக்கின்றன என்பதும் சான்றாகக் கொள்ளப்பட்ட காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுப்பொருள் பெற்றது என்பது அவர் கருத்து. இம்மாற்றம் அவர் கூறும் அளவுக்குத் திடீரென நிகழ்ந்ததன்று எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் மறுத்துள்ளனர்.

புராபபிலிசக் கருத்து மோதல்

பழைய பொருள் நடைமுறையில் எவ்வளவு வலிமை பெற்றிருந்தது என்பதற்குக் கத்தோலிக்க அறவியலில் எழுந்த புராபபிலிசம் என்ற கொள்கை எடுத்துக்காட்டாகும். 1577இல் எசுப்பானிய நாட்டின் சலமான்காவைச் சேர்ந்த தொமினிக்கன் சபைத் துறவி பார்த்தலோமே தெ மெதீனா இதை வகுத்தார். ஒரு செயல் தகுமா தகாதா என்ற ஐயம் எழும்போது, தகும் என்ற கருத்து புரோபாபிலிஸ் ஆக இருந்தால் அதைப் பின்பற்றலாம். எதிர்க்கருத்து அதைவிட மிகுந்த புரோபாபிலிஸ் ஆக இருந்தாலும் தவறில்லை என்பது இக்கொள்கை.

இன்றைய பொருளில் இது முரணாகத் தோன்றும். வாய்ப்பு குறைந்ததை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் இங்கே அச்சொல்லின் பொருள் "மதிக்கத்தக்க அறிஞரால் ஏற்கப்பட்டது" என்பதே. ஏற்கத்தக்க இரு கருத்துகளில் எதையும் பின்பற்றலாம் என்பதே வாதம். விரும்பிய செயலுக்கெல்லாம் ஆதரவாக ஓர் அறிஞரைத் தேடிக்கொள்ள இக்கொள்கை வழிவிடுகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. பிரெஞ்சு அறிஞர் பிலைசு பாஸ்கல் 1656-57இல் எழுதிய கடிதத் தொடரில் இயேசு சபையினரின் அறவியலைக் கடுமையாகச் சாடியபோது, இக்கொள்கையே அவரது முதன்மை இலக்குகளுள் ஒன்றாக இருந்தது. 1679இல் திருத்தந்தை 11ஆம் இன்னொசென்ட், அறநெறியைத் தளர்த்துவனவாகக் கருதப்பட்ட 65 கூற்றுகளைக் கண்டித்தார்.

சூதாட்டக் கணக்கிலிருந்து நிகழ்தகவு

அதே பாஸ்கல், 1654இல் பியேர் தெ ஃபெர்மாவுடன் நடத்திய கடிதப் போக்குவரத்தில், பாதியில் நின்றுபோன சூதாட்டத்தின் பணயப் பணத்தை ஆட்டக்காரருக்கு எவ்வாறு பங்கிடுவது என்ற சிக்கலைத் தீர்த்தார். நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கமாக இக்கடிதங்களே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. எனினும் அக்கணிதத்துக்கு அவர் புராபபிலிட்டி என்ற பெயரை இடவில்லை. குருட்டுவாய்ப்பின் வடிவியல் என்றே அதைக் குறிப்பிட்டார். பெயர் ஒரு துறையிலும் கணிதம் வேறொரு துறையிலுமாக அப்போது இருந்தன. 1657இல் கிறித்தியான் ஐகென்ஸ் வெளியிட்ட பகடையாட்டக் கணக்கு நூலும் எதிர்பார்ப்பு என்ற கருத்தையே அடிப்படையாகக் கொண்டது.

இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்த முதல் நூல்களுள் ஒன்று, 1662இல் ஆந்துவான் ஆர்னோ, பியேர் நிக்கோல் ஆகியோர் எழுதிய போர்ட்-ராயல் அளவையியல் நூல். இடி முழக்கத்துக்கு அளவுக்கு மீறி அஞ்சுவோரை இந்நூல் எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. தீங்கு எவ்வளவு பெரியது என்பதை மட்டுமன்றி, அது நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் கணக்கிட்டே அச்சம் அமைய வேண்டும் என்பது அதன் அறிவுரை. இங்கே புராபபிலிட்டி அளக்கக்கூடிய ஒன்றாகிவிட்டது.

யாக்கோப்பு பெர்னூலியின் ஊகக் கலை பற்றிய நூல் அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1713இல் வெளிவந்தது. முழு உறுதியை ஒன்று எனக் கொண்டால், புராபபிலிட்டி அவ்வுறுதியின் ஒரு பகுதி என அவர் வரையறுத்தார். 1812இல் இலப்பிலாசு வெளியிட்ட பெருநூல் அதுவரை அறியப்பட்ட முறைகளைத் தொகுத்து விரித்தது. 1933இல் உருசியக் கணிதவியலாளர் ஆந்திரேய் கொல்மகோரவ், இக்கணிதத்துக்கு அடிக்கோள்களை வகுத்தார். புராபபிலிட்டி என்பது உலகில் உள்ள ஒரு பண்பா, அன்றி மனிதரின் நம்பிக்கையின் அளவா என்ற கேள்விக்கு விடை கூறாமலேயே இவ்வடிக்கோள்கள் செயற்படுகின்றன. அக்கேள்வி இன்றும் மெய்யியலில் விவாதிக்கப்படுகிறது.

ஆங்கிலத்தில்

ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், 1690 ஆண்டிட்டு வெளிவந்த தமது மனித அறிவு பற்றிய நூலில் புராபபிலிட்டிக்குத் தனி இயல் ஒதுக்கி, அதை மெய்யாக இருக்கக்கூடிய தன்மை என விளக்கினார். ஒருவரது சொந்த அனுபவம், பிறர் தரும் சாட்சியம் ஆகிய இரண்டையும் அதன் அடிப்படைகளாகக் கொண்டார்.

கணித நூல்களில் சான்சு என்ற சொல்லும் நெடுங்காலம் இணையாக வழங்கியது. ஆபிரகாம் தெ முவாவர் 1718இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல், தன் தலைப்பில் சான்சு என்ற சொல்லையே கொண்டது. தாமஸ் பேய்சு எழுதி அவரது மறைவுக்குப் பின் 1763இல் வெளியான கட்டுரையில், இரண்டு சொற்களையும் ஒரே பொருளில் ஆள்வதாக அவர் தெளிவுபடுத்தியுள்ளார்.

புள்ளியியலில் புராபபிள் எர்ரர் என்ற கலைச்சொல் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. அளவீட்டுப் பிழைகளில் சரிபாதி எந்த எல்லைக்குள் அமையுமோ அந்த எல்லையையே இது குறிக்கும். இயல்நிலைப் பரவலில் இது திட்ட விலக்கத்தின் 0.6745 மடங்கு ஆகும். பொது வழக்கில் பாதிக்கு மேற்பட்டதைக் குறிக்கும் சொல், இக்கலைச்சொல்லில் மிகச் சரியாகப் பாதியைக் குறித்தது. பிற்காலத்தில் திட்டப் பிழை என்ற அளவு இதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

சட்டத்தில்

1791இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம், புராபபிள் காஸ் இன்றிச் சோதனைக்கோ கைதுக்கோ ஆணை பிறப்பிக்கக் கூடாது என்கிறது. ஏற்கத்தக்க காரணம் என்று இதைத் தமிழில் கூறலாம். இங்கே சொல்லின் பழைய பொருள் நிலைத்திருக்கிறது. இதை விழுக்காட்டில் வரையறுக்க நீதிமன்றங்கள் மறுத்து வந்துள்ளன. 2003இல் மேரிலாந்து எதிர் பிரிங்கிள் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இதையே கூறியது. ஒருவரது வீட்டுக்குள் காவலர் நுழையலாமா என்பது இச்சொல்லைப் பொறுத்திருப்பதால், இதன் பொருள் பற்றிய விவாதம் வெறும் அகராதி விவாதமாக நிற்பதில்லை.

இங்கிலாந்தின் சட்ட மரபில், உரிமையியல் வழக்குகளில் வாய்ப்புகளின் நிறை என்ற அளவுகோலும், குற்றவியல் வழக்குகளில் நியாயமான ஐயத்துக்கு அப்பாற்பட்ட மெய்ப்பிப்பு என்ற அளவுகோலும் பின்பற்றப்படுகின்றன. முன்னதற்கு, ஒரு கூற்று பொய்யாவதைவிட மெய்யாவது புராபபிள் என்று நீதிபதி கருதினால் போதும்.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம், ஒரு செய்தி எப்போது மெய்ப்பிக்கப்பட்டதாகும் என்பதை 3ஆம் பிரிவில் வரையறுத்தது. நீதிமன்றம் அதை நம்பினாலோ, அது உண்மை எனக் கொண்டு விவேகமுள்ள ஒருவர் செயலாற்றும் அளவுக்குப் புராபபிள் எனக் கருதினாலோ அது மெய்ப்பிக்கப்பட்டதாகும். புரூவ், புராபபிள் ஆகிய ஒரே வேர்ச்சொற்கள் இரண்டும் ஒரே வரையறையில் சந்திக்கும் இடம் இது. இலங்கையின் 1895ஆம் ஆண்டு சான்றுக் கட்டளைச் சட்டமும் இதே வரையறையை ஏற்றது. இந்தியாவில் 2024 சூலை 1 முதல் சாட்சியச் சட்டத்துக்கு மாற்றாக நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியமும் இவ்வரையறையைத் தக்கவைத்துள்ளது.

சொல்லும் எண்ணும்

புராபபிள் என்ற சொல் எத்தனை விழுக்காட்டைக் குறிக்கிறது என்பதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடையேயும் ஒற்றுமை இல்லை. இதனால் நேரக்கூடிய விளைவை அமெரிக்க உளவுத்துறை வரலாறு காட்டுகிறது.

1951 மார்ச்சில் நடுவண் உளவு முகமை வெளியிட்ட மதிப்பீடு ஒன்று, யுகோசுலாவியா மீது அவ்வாண்டு சோவியத் சார்பு நாடுகள் படையெடுப்பதைக் கடுமையாகக் கருத்தில் கொள்ளவேண்டிய இயலுமை என்று வருணித்தது. அத்தொடர் எந்த அளவைக் குறிக்கிறது என்று வெளியுறவுத்துறை அலுவலர் ஒருவர் கேட்டபோது, அதன் ஆக்கத்தில் பங்கேற்ற செர்மன் கென்ட், படையெடுப்புக்கு 65, எதிராக 35 என்று விடையளித்தார். கேட்டவரோ அதைவிட மிகக் குறைந்த அளவையே எண்ணியிருந்தார். பின்னர்க் கென்ட் தம்முடன் பணியாற்றியோரை விசாரித்தார். அவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட அத்தொடருக்கு ஒவ்வொருவரும் 20 முதல் 80 விழுக்காடு வரை வெவ்வேறு அளவுகளைக் கருதியிருந்தது தெரியவந்தது.

இதையடுத்து அவர் வகுத்த அளவுகோலை 1964இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அது பின்வருமாறு:

- ஏறத்தாழ உறுதி: 93 விழுக்காடு (கூடக் குறைய 6)
- புராபபிள்: 75 விழுக்காடு (கூடக் குறைய 12)
- சரிபாதி வாய்ப்பு: 50 விழுக்காடு (கூடக் குறைய 10)
- அநேகமாக இல்லை: 30 விழுக்காடு (கூடக் குறைய 10)
- ஏறத்தாழ உறுதியாக இல்லை: 7 விழுக்காடு (கூடக் குறைய 5)

சொல்லுக்கு எண்ணைப் பூட்டுவதைச் சக அலுவலர் சிலர் ஏற்கவில்லை. மொழிநடையை விரும்பிய இவர்களைக் கென்ட் கவிஞர் என்றும், எண்ணை விரும்பியோரைக் கணிதர் என்றும் வேடிக்கையாகப் பிரித்தார்.

காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டரசுக் குழுவின் அறிக்கைகளும் இத்தகைய அளவுகோலைப் பின்பற்றுகின்றன. அவற்றில் லைக்லி என்ற சொல் 66 முதல் 100 விழுக்காடு வரையும், வெரி லைக்லி என்ற தொடர் 90 முதல் 100 விழுக்காடு வரையும் உள்ள வாய்ப்பைக் குறிக்கும். இவ்வறிக்கைகளைப் படிப்போர் அச்சொற்களைப் பொது வழக்கின் பொருளில் கொண்டால் பொருள் திரியும்.

தொடர்புடைய பிற ஆங்கிலச் சொற்கள்

வாய்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் வெவ்வேறு உருவகங்களிலிருந்து பிறந்தவை.

- லைக்லி - ஒத்த எனப் பொருள்படும் செருமானிய மொழிக்குடும்பச் சொல்லிலிருந்து வந்தது. மெய்யை ஒத்திருப்பது என்பது இதன் அடிக்கருத்து.
- சான்சு - விழுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.
- பிளாசிபிள் - கைதட்டுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கைதட்டி வரவேற்கத்தக்கது என்ற பொருள், நம்பும்படி தோன்றுவது எனத் திரிந்தது. ஒப்புதலைக் குறித்த சொல் நம்பகத்தைக் குறிக்கத் தொடங்கிய இம்மாற்றம், புராபபிள் என்பதன் வரலாற்றை ஒத்தது.
- ஸ்டொகாஸ்டிக் - இலக்கு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இலக்கு நோக்கி எய்வதுபோல் ஊகித்தல் என்பது கருத்து.

பிற மொழிகளில்

இதே கருத்தைச் செருமன் மொழி, மெய்யாகத் தோன்றுவது என்ற பொருளில் வார்ஷைன்லிஹ் என்ற கூட்டுச்சொல்லால் குறிக்கிறது. உருசிய மொழியில் வழங்கும் சொல், நம்பிக்கை எனப் பொருள்படும் வேரா என்ற சொல்லை உள்ளடக்கியது. தெலுங்கு, கன்னடம், வங்காளம் ஆகியவற்றில் நிகழ்தகவைக் குறிக்கும் சொற்கள், சமற்கிருதச் சம்பவ என்பதோடு தொடர்புடையவை. அதன் வேரும், புரோபஸ் என்ற இலத்தீன் சொல்லில் உள்ளதாகக் கருதப்படும் பூ என்ற வேரும் ஒன்றே.

தமிழில்

கணிதத்தில் புராபபிலிட்டி என்பதற்கு நிகழ்தகவு என்ற சொல் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் இலங்கைப் பாடநூல்களிலும் வழங்குகிறது. இது நிகழ், தகவு ஆகிய இரு பகுதிகளால் ஆனது. தகவு என்பது தகுதி, பெருமை, நடுவுநிலை ஆகிய பொருள்கள் கொண்ட பழந்தமிழ்ச் சொல். திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில், தகுதியற்றோரைக் குறிக்கும் தகவிலர் என்ற சொல் வருகிறது. ஒழுக்கத்தால் தகுதியுடைமையைக் குறித்த சொல்லொன்று, நிகழ்ச்சியின் வாய்ப்பை அளக்கும் கலைச்சொல்லில் இடம்பெற்றிருப்பது, புரோபஸ் என்பதிலிருந்து புராபபிலிட்டி பிறந்த வழியை ஒத்திருக்கிறது.

பொது வழக்கில் புராபபிள், புராபப்ளி ஆகியவற்றுக்கு ஒற்றைச் சொல்லால் ஈடு சொல்வது அரிது. அநேகமாக, பெரும்பாலும் ஆகிய சொற்கள் நெருங்கிய பொருள் தருகின்றன. ஆயினும் பெரும்பாலும் என்பது பலமுறை நிகழ்வதையும் குறிப்பதால், ஒருமுறை மட்டும் நிகழக்கூடியதைச் சொல்லும்போது பொருள் மயக்கம் ஏற்படலாம். ஒருவேளை என்பது வாய்ப்பு குறைந்ததையும் குறிப்பதால் சரியான ஈடாகாது. சாத்தியம், இயலும் ஆகியவை பாசிபிள் என்பதற்கே பொருந்தும்.

வினைமுற்றாலும் தமிழ் இவ்வேறுபாட்டை உணர்த்துகிறது. "மழை பெய்யும்", "மழை பெய்யக்கூடும்", "மழை பெய்தாலும் பெய்யலாம்" ஆகிய மூன்றும் படிப்படியாகக் குறையும் உறுதியைக் காட்டுகின்றன. எனவே ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக நிற்கும் இக்கருத்தை, மொழிபெயர்ப்பில் பல இடங்களில் வினைமுற்றிலேயே அமைத்துவிடலாம்.

இவற்றையும் பார்க்கவும்

- நிகழ்தகவு
- புள்ளியியல்
- சொற்பிறப்பியல்
- பிலைசு பாஸ்கல்
- யாக்கோப்பு பெர்னூலி
- ஐயுறவியல்